இலேகியமும் இனிப்பும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், எழுவான்கரையாயினும் படுவான்கரையாயினும், கடல்கடந்த நாடுகளில் உறவினரைக் கொண்ட குடும்பங்கள் பல. கனடா, சுவிற்சர்லாந்து, பிரித்தானியா முதலிய நாடுகளிலிருந்து அவ்வுறவினர் அனுப்பும் பொதிகளிற் சொக்கிலேற்று, நோவுக்குப் பூசுந் தைலம், விற்றமின் குளிசை ஆகியன இருத்தல் நெடுநாட் பழக்கம். இக்காலத்தில் அவற்றிடையே வேறொரு பொருளும் வருதல் உண்டு. பழச்சாற்று மணமும் கண்ணைக் கவரும் நிறமும் உடைய மெல்லினிப்புக்கள் ஒரு சிறு போத்தலில் அடைக்கப்பட்டிருக்கும். நாள்தோறும் ஒன்றோ இரண்டோ தின்றால் உறக்கம் நன்கு வரும், மூட்டுநோ தணியும், மனக்கவலை நீங்கும் என்று அனுப்பியவர் தொலைபேசியிற் கூறுவர். போத்தலின் புறத்தே 'சீ. பீ. டீ.' என மூன்றெழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அது கஞ்சாச் செடியினின்று எடுக்கப்படும் பொருள் என்று அறிந்தவுடன் வீட்டிலுள்ள இளையோர் திடுக்கிடுவர். முதியோரோ, "அந்தக் காலத்துப் பரிகாரியாரும் இதைத்தானே இலேகியத்திலே போட்டுத் தந்தவர்" என்று கூறி அமைவர்.

திடுக்கிடுவோரும் அமைவோரும் ஒரு பிழையையே செய்கின்றனர். பழைய இலேகியத்தையும் புதிய இனிப்பையும் ஒரு பொருளெனக் கொள்வதே அப்பிழை. செடி ஒன்றாயினும், அவ்விரண்டினும் அடங்கிய சத்து வேறு. உண்ணும் அளவு வேறு. உண்ணும் நோக்கமும் வேறு. இவ்வேறுபாடு எத்தகையது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

கஞ்சா கீழைநாட்டு மருத்துவத்துக்குப் புதியதன்று. வடநூலார் அதனை விசயை எனவும் பங்கா எனவும் வழங்கினர். சாரங்கதர சங்கிதை என்னும் வடமொழி மருத்துவ நூல், செரிமானமாகு முன்னரே உடலெங்கும் பரவும் இயல்புடைய பொருள்களுக்கு எடுத்துக்காட்டாக அபினோடு இதனையுஞ் சேர்த்துக் கூறுகின்றது. (உண்ணப்பட்ட கஞ்சா அத்துணை விரைவிற் பரவுவதன்று என்பது இக்கால ஆராய்ச்சியின் முடிபு. அதனாற் பெருந்தீங்கு விளைதலும் உண்டு. அது பின்னர்க் கூறப்படும்.) ஆயுள்வேதத்திலும் சித்த மருத்துவத்திலும் இச்செடியின் இலை கழிச்சல், பசியின்மை, உறக்கமின்மை, நோவு ஆகியவற்றுக்கான கூட்டுமருந்துகள் சிலவற்றில் இடம்பெற்றது. தனியே அஃது அளிக்கப்படுதல் அரிது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், சாதிக்காய் முதலிய சரக்குக்களோடு ஒரு சரக்காகவே அது கலக்கப்பட்டது.

இலங்கை ஆயுள்வேத மருத்துவத்தில் இவ்வகைக் கூட்டுமருந்துகளுட் பெயர்பெற்றது மதன மோதகம். மோதகம் என்பது இனிப்புருண்டை. விநாயகப் பெருமானுக்குப் படைக்கப்படும் பணியாரத்தின் பெயரும் இதுவே. ஆதலின், கஞ்சாவை இனிப்பாக உண்ணுதல் மேனாட்டார் புதிதாகக் கண்ட முறையென எண்ணவேண்டுவதில்லை. எனினும், உருண்டையாக உருட்டப்படு முன்னர் அவ்விலை அடைந்த மாற்றங்கள் நோக்கத்தக்கவை.

மருந்திற் சேர்க்குமுன் இலையைச் 'சுத்தி' செய்தல் வேண்டும் என்பது பழைய விதி. இலையை நீரில் இட்டுக் கசக்கிப் பிழிந்து, பச்சைநிறம் கழியுமட்டும் நீரை மாற்றி மாற்றிக் கழுவி, உலர்த்தி, பின்னர்ப் பசுநெய்யில் இளந்தீயில் வறுத்தல் ஒரு முறை. கருவேலம்பட்டைக் கியாழத்தில் அவித்து உலர்த்திப் பாலில் ஊறவைத்தல் மற்றொரு முறை. இவற்றை வெறுஞ் சடங்கென இகழ்தல் பொருந்தாது. கஞ்சாவின் செயல்தரு சத்துக்கள் நீரிற் கரைவன அல்ல. நெய்யிலும் எண்ணெயிலுமே கரைவன. எனவே, கழுவும்போது நீரிற் கரையும் அழுக்கும் பிறபொருள்களும் நீங்க, சத்துப் பெரும்பாலும் இலையிலேயே தங்கும். அன்றியும், பச்சை இலையில் அச்சத்துக்கள் அமில வடிவில் இருக்கின்றன. சூடு ஏறிய பின்னரே அவ்வமிலக்கூறு கரியமிலவாயுவாகப் பிரிந்துபோக, மதியை மயக்குஞ் சத்து வெளிப்படும். நெய்யில் வறுத்தலால் சூடும் கொழுப்பும் ஒருங்கே வாய்த்தன. வேதியியல் அறியாத காலத்து மருத்துவர் பயன்கண்டு வகுத்த முறை, பின்னாளில் வேதியியல் கூறும் முறையோடு ஒத்திருத்தல் வியப்பேயாம்.

இலேகியம் உண்ணப்பட்ட விதமும் அறிதல் வேண்டும். பரிகாரியார் முதலில் நாடி பார்ப்பார். நோய் இன்னதெனத் துணிவார். நோயாளியின் வயதும் உடல்வலியும் நோக்குவார். சுண்டைக்காயளவு, புளியங்கொட்டையளவு என அளவு சொல்லுவார். பாலிலோ தேனிலோ கொள்ளவேண்டும் என அனுபானஞ் சொல்லுவார். புளி தள்ளு, மீன் தள்ளு எனப் பத்தியம் விதிப்பார். வாவிக்கரையில் வாழ்வோனுக்கு மீனைத் தள்ளுதல் சிறிய தண்டனையன்று. நோய் தீர்ந்ததும் மருந்தை விட்டொழிக்க அதுவே போதிய தூண்டுதலாகும். இத்தனை நாள் என்ற வரையறையும் உண்டு. ஆகவே, நோய் இல்லாதவன் நாள்தோறும் இலேகியம் உண்ணுதல் மருத்துவ நெறிக்குப் புறம்பானது. அவ்வாறு உண்டோர் இருந்திலர் என்பது இதன் கருத்தன்று. இருந்தனர், ஊரார் அவர்களை நோயாளர் எனச் சொல்லவில்லை, வேறு பெயராற் சொல்லினர்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து' என்னும் பெயருடையது. அவ்வதிகாரத்துப் பத்துக் குறளையும் துருவி நோக்கினும் ஒரு மூலிகையின் பெயர்தானும் காணப்படாது. முன்னுண்டது அற்றதறிந்து அளவோடு உண்ணுதலையும், நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து மருத்துவஞ் செய்தலையுமே வள்ளுவர் அங்குப் பேசுகின்றார். உணவைப் பற்றிய பேச்சும் மருந்தைப் பற்றிய பேச்சும் ஆங்கு அளவு என்னும் ஒன்றினாற் பிணைக்கப்பட்டுள்ளன. புதிய இனிப்பை ஆராயுமிடத்தும் இவ்வளவு என்பதே முதற்கண் வினாவப்பட வேண்டியது.

இனி, அம்மூன்றெழுத்துக்களின் பொருளைக் காண்பாம். சீ. பீ. டீ. என்பது கன்னபிடியோல் என்னும் வேதிப்பொருளின் சுருக்கப்பெயர். 1940ஆம் ஆண்டில் அமெரிக்க வேதியியலறிஞர் றொஜர் அடம்ஸ் அதனைப் பிரித்தெடுத்தார். 1963ஆம் ஆண்டில் இஸ்ரவேல் நாட்டு அறிஞர் றபாயேல் மெக்கூலம் அதன் கட்டமைப்பைத் தெளிவுறுத்தினார். அடுத்த ஆண்டில் அவரும் கவோனி என்பவரும் சேர்ந்து, கஞ்சாவின் மயக்கத்துக்குக் காரணமான மற்றொரு சத்தைத் தூயநிலையிற் பிரித்துக் காட்டினர். இது டீ. எச். சீ. எனச் சுருக்கி வழங்கப்படும். இவ்விரண்டும் ஒரே அணுக்களால், ஒரே எண்ணிக்கையில் ஆகியவை. அணுக்கள் இணைந்துள்ள முறை ஒன்றே வேறு. அச்சிறு வேறுபாட்டினால் ஒன்று மதியை மயக்குகின்றது, மற்றையது மயக்குவதில்லை. 1992ஆம் ஆண்டில் மனித மூளையோ டொத்த விலங்கு மூளையிலேயே இயற்கையாக இருந்து, டீ. எச். சீ. பற்றும் இடத்தையே பற்றும் ஒரு பொருளை மெக்கூலம் ஆய்வுகூடத்தார் கண்டபோது, 'ஆனந்தம்' என்னும் வடசொல்லைக் கொண்டு அதற்கு அனந்தமைட்டு எனப் பெயரிட்டனர்.

ஈண்டு முதியோரின் நினைவைத் திருத்தவேண்டியுள்ளது. இந்தியா, இலங்கை போன்ற வெப்பநாடுகளிற் போதைக்காகவும் மருந்துக்காகவும் பயிரிடப்பட்ட கஞ்சா, பெரும்பாலும் டீ. எச். சீ. மிகுந்ததும் சீ. பீ. டீ. குறைந்ததும் ஆகும். பரிகாரியாரின் இலேகியம் உறக்கந் தந்ததாயின், அதனைத் தந்தது பெரிதும் டீ. எச். சீ. என்றே கொள்ளல்வேண்டும். இன்றைய மெல்லினிப்போ, டீ. எச். சீ. நீக்கப்பட்டது அல்லது மிகக் குறைக்கப்பட்டது என்று சொல்லி விற்கப்படுவது. ஆகவே, "எம் முன்னோர் உண்டது" என்னுஞ் சான்று இவ்வினிப்புக்குப் பொருந்தாது. முன்னோர் உண்டதில் இது மிகச் சிறிதே இருந்தது.

இவ்வாறு கூறுவதனால் சீ. பீ. டீ. பயனற்றதென்பது பெறப்படாது. 1839ஆம் ஆண்டிற் கல்கத்தாவில் ஓசாக்னசி என்னும் மருத்துவர் கஞ்சாச் சாரத்தை நோயாளருக்கு அளித்துக் கண்ட பயன்களை வெளியிட்டார். வலிப்பினால் வருந்திய ஒரு குழந்தைக்கு அளித்ததும் அவற்றுள் ஒன்று. அவர் அளித்தது செடியின் முழுச்சாரம். வலிப்பை அடக்குவதற்குச் சீ. பீ. டீ. தனித்துப் பயன்படுமா என்பதை 1980ஆம் ஆண்டளவிற் பிரேசில் நாட்டு மருத்துவர் ஒரு சிறு குழுவினரிடத்து ஆராய்ந்தனர். அதன்பின் நெடுங்காலம் அவ்வாராய்ச்சி வேகங்கொள்ளவில்லை. 2018ஆம் ஆண்டு யூன் மாதத்தில், பிள்ளைகளைப் பற்றுங் கொடிய வலிப்புநோய்கள் இரண்டுக்குத் தூய சீ. பீ. டீ. நீர்மருந்து ஒன்றை அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் ஏற்றது. அதன் பெயர் எப்பிடியோலெக்ஸ். இதுவே இச்சத்தின் மெய்யான வெற்றி.

அம்மருந்து எவ்வளவு கொடுக்கப்படுகின்றது என்பது நோக்குக. உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் வீதம் தொடங்கி, பின்னர் 10 மில்லிகிராமாக உயர்த்துவர். வேண்டுமாயின் 20 வரையுஞ் செல்வர். எனவே 20 கிலோகிராம் எடையுள்ள ஒரு பிள்ளை நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் உண்ணும். வளர்ந்தோரின் மனப்பதற்றத்தைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி 2017ஆம் ஆண்டில் வெளிவந்தது. பலர்முன் பேசவேண்டியவர்களுக்கு 100, 300, 900 மில்லிகிராம் என மூவேறு அளவுகளில் இச்சத்து அளிக்கப்பட்டது. 300 உண்டோரிடத்துப் பதற்றந் தணிந்தது. 100 உண்டோரிடத்தும் 900 உண்டோரிடத்தும் அப்பயன் காணப்படவில்லை. கடையில் விற்கும் ஓர் இனிப்பிலோ 10 முதல் 25 மில்லிகிராம் இருத்தலே பெருவழக்கு. அதிலும், வாய்வழி உண்ட சீ. பீ. டீ. யின் மிகப்பெரும் பங்கு குடலிலும் ஈரலிலும் அழிந்துபட, நூற்றில் ஏறத்தாழ ஆறு பங்கே குருதியை அடைகின்றது. கொழுப்பு மிக்க உணவோடு உண்டால் அது நான்கைந்து மடங்கு உயரும். பழையவர் நெய்யிலும் பாலிலும் கூட்டியதன் அருமை இங்கும் விளங்கும். ஆயின், வெறுவயிற்றில் உண்ட நாளும் விருந்துண்ட நாளும் ஒரே இனிப்பு நான்கு மடங்கு வேறுபட்டுச் செயல்படுமாயின், அளவு என்பதற்கு என்ன பொருள்?

குணஞ்செய்யும் அளவு அவ்வாறிருக்க, நாள்தோறும் உண்ணத்தக்க அளவு யாது? பிரித்தானிய உணவுத்தர முகவரகம் 2020ஆம் ஆண்டில், நலமுடைய வளர்ந்தோர் நாளொன்றுக்கு 70 மில்லிகிராமுக்கு மேற்படாது உண்ணுமாறு அறிவுறுத்தியது. 2023ஆம் ஆண்டு ஒற்றோபரில் அதனை 10 மில்லிகிராமாகக் குறைத்தது. நெடுங்காலம் உண்பதனால் ஈரலுக்கும் கேடயச்சுரப்பிக்கும் தீங்கு வரலாம் என்பதே காரணம். அதே ஆண்டு சனவரியில் அமெரிக்க நிருவாகமும், உணவுப் பொருள்களுக்கென இப்போதுள்ள விதிகள் சீ. பீ. டீ. யைக் காப்பாக ஆள்வதற்குப் போதா என அறிவித்தது. ஆகவே, அன்றாட நலத்துக்கென இதனை உண்போர் ஒரு விந்தையான இடர்ப்பாட்டில் அகப்படுகின்றனர். பயன் கண்ட அளவு நூற்றுக்கணக்கான மில்லிகிராம். நாடோறும் உண்ணலாமெனப்பட்டதோ பத்து. பத்து உண்போனுக்குப் பெரும்பாலும் கிடைப்பது இனிப்பின் சுவையும் ஓர் ஆறுதலும். நூற்றுக்கணக்கில் உண்போன், மருத்துவன் இன்றியே மருந்துண்போன் ஆகின்றான்.

ஆறுதலினால் உறக்கம் வருமாயின் அதுவும் நன்றே என்பாரும் உளர். அவ்வாதம் முற்றுந் தள்ளத்தக்கதன்று. ஆயின், போத்தலின்மேல் எழுதியுள்ளதுதான் உள்ளே இருக்கின்றது என்னும் உறுதி வேண்டுமன்றோ? இணையவழி விற்கப்பட்ட 84 சீ. பீ. டீ. பொருள்களை அமெரிக்க ஆராய்ச்சியாளர் வாங்கிச் சோதித்து 2017ஆம் ஆண்டில் முடிபை வெளியிட்டனர். எழுதிய அளவுக்கு ஏறக்குறைய ஒத்திருந்தவை 26. ஏனையவற்றுட் பலவற்றில் மிகுதி, சிலவற்றிற் குறைவு. 18 பொருள்களில் டீ. எச். சீ. யும் காணப்பட்டது.

இந்தக் கடைசிச் செய்தியே பேரச்சந் தருவது. டீ. எச். சீ. புகையாக உட்சென்றாற் சில நிமிடங்களிற் செயல்படும். உண்ணப்பட்டால் அரைமணி முதல் இரண்டுமணி நேரம் வரை ஒன்றுந் தோன்றாது. பின்னர் ஈரலில் அதனினும் வலிய வேறொரு பொருளாக மாறி, பல மணிநேரம் மயக்கும். ஒன்று தின்று பயன் காணாதவன் இரண்டாவதையும் மூன்றாவதையுந் தின்பான். மூன்றும் ஒருங்கே வேலை செய்யத் தொடங்கும்போது நெஞ்சு படபடக்க, தலை சுழல, மருத்துவமனைக்கு எடுத்துச்செல்லப்படுவான். சிறுபிள்ளைகளின் நிலையோ மிக இரங்கத்தக்கது. இனிப்பென்று கண்டாற் கைநீட்டுவது குழந்தையின் இயல்பு. அமெரிக்காவில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கஞ்சாச் சத்துச் சேர்ந்த தின்பண்டங்களைத் தவறுதலாக உண்டனவாக நச்சுப்பொருள் நிலையங்களுக்கு அறிவிக்கப்பட்ட நிகழ்ச்சிகள் 2017ஆம் ஆண்டில் 207. 2021ஆம் ஆண்டில் 3,054. கனடா நாட்டில் 2018ஆம் ஆண்டு ஒற்றோபர் 17 முதற் கஞ்சாவும், ஓராண்டின் பின் கஞ்சாத் தின்பண்டமும் சட்டத்துக்கு அமைந்தவையாயின. ஒரு பொதியில் 10 மில்லிகிராமுக்கு மேல் டீ. எச். சீ. இருத்தலாகாது என்பது அந்நாட்டு விதி. அத்தகைய விதியுள்ள கடையில் வாங்கியதா, வேறெங்கேனும் வாங்கியதா என்பதைப் பொதியைப் பிரிக்கும் ஆச்சி எங்ஙனம் அறிவார்?

முதியோர்க்கு மற்றுமோர் இடரும் உண்டு. சீ. பீ. டீ. ஈரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதியங்களைத் தடுக்கின்றது. குருதி உறையாதிருக்க வார்பரின் உண்போரிடத்து அம்மருந்தின் வேகம் மிகுந்து குருதிப்பெருக்குக்கு இடமாகலாம். வலிப்புக்கு வல்புறோவேற்று உண்போரிடத்து ஈரலின் கேடு மிகும். குளோபசாம் உண்போரை அளவிறந்த மயக்கம் பற்றும். பரிகாரியார், "வேறென்ன மருந்து எடுக்கிறாய்?" என்று கேட்டே இலேகியத்தைக் கையில் வைப்பார். பொதியில் வந்த போத்தல் அதனைக் கேட்பதில்லை. உண்பவரும் கிளினிக்கில் மருத்துவருக்கு அதனைச் சொல்வதில்லை. 'கஞ்சா' என்னும் சொல்லைச் சொல்ல நாணுவதே பெரும்பாலுங் காரணம்.

நாணத்துக்குச் சட்டமும் ஒரு காரணம். 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம், அனுமதியின்றிக் கஞ்சாச் செடியையும் அதன் சாரங்களையும் வளர்த்தல், வைத்திருத்தல், இறக்குமதி செய்தல் ஆகியவற்றைத் தடுத்தது. 1984ஆம் ஆண்டின் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை ஆகியவற்றையும் தன்னுள் அடக்கிய 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுள்வேதச் சட்டம், பதிவுபெற்ற மருத்துவர் மருந்து செய்தற்பொருட்டு அபினும் கஞ்சாவும் முறைப்படி பெற வழிவகுத்தது. மதன மோதகம் இன்றும் இந்நாட்டில் இருத்தல் அவ்வழியினாலேயே. மருந்தென்னும் பெயரைப் போர்த்துக்கொண்டு கஞ்சா கலந்த உருண்டைகளைப் போதைக்கென விற்போர் பிடிபடும் செய்திகள் நாளிதழ்களில் வருவதும் உண்டு. சுவிற்சர்லாந்தில் நூற்றில் ஒரு பங்குக்குக் குறைந்த டீ. எச். சீ. உள்ள பொருள் கடையில் வெளிப்படையாக விற்கப்படுதலை எடுத்துக்காட்டி, 'அங்கு ஆகுமாயின் இங்கும் ஆகும்' என்பது வழக்குமன்றிற் செல்லாது. 2020ஆம் ஆண்டு திசெம்பர் 2ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு, கஞ்சாவை மிகக் கடிய கட்டுப்பாட்டுப் பட்டியலினின்று 27க்கு 25 என்னும் வாக்கினால் நீக்கியது உண்மையே. அதனால் அது மருத்துவப் பயனுடையதென்று ஏற்கப்பட்டதேயன்றி, நாடுகளின் சட்டங்கள் நெகிழ்ந்துவிடவில்லை.

உறக்கம் நாடி இவ்வினிப்பை உண்போரை எள்ளுதல் அறமன்று. மட்டக்களப்பில் உறக்கமின்மை சோம்பலர் நோயன்று. முப்பதாண்டுப் போர் 2009ஆம் ஆண்டில் முடிந்தது; அதன் நடுவே 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி நாவலடி, கல்லடிப் பகுதிகளை வாரிக்கொண்டது. பிள்ளையை இழந்த தாய் அலையோசை கேட்கும் வீட்டிற் படுத்துக் கண்மூடுதல் எளிதன்று. தொலைவிலிருந்து அண்ணனோ மகளோ இனிப்பை அனுப்புவது அன்பினாலேயே. ஆயின், இத்துயருக்கு மனநல மருத்துவம் என்னும் துறை உண்டு. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் பிற அரச மருத்துவமனைகளிலும் கட்டணமின்றியே மருத்துவரைக் காணலாம். உறக்கமின்மைக்கு, மருந்தில்லாது பேச்சினாலும் படுக்கை ஒழுங்கினாலுஞ் செய்யும் சிகிச்சையே உலகெங்கும் முதலாவதாக விதிக்கப்படுகின்றது.

அத்தகைய போத்தல் ஏற்கெனவே வீட்டுக்கு வந்திருக்குமாயின், குளிர்ப்பெட்டியில் ஏனைய இனிப்புக்களோடு அதனை வைத்தலாகாது. உண்டவர், தாம் எடுக்கும் பிற மருந்துகளின் பெயரோடு இதன் பெயரையும் மருத்துவரிடம் மறையாது சொல்லல் வேண்டும். தெரியாது உண்ட குழந்தை வழக்கத்துக்கு மாறாக உறங்கினால் அதனைத் தூங்கவிட்டுக் காத்திராது, போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். என்ன உண்டது என்று தெரிந்தால் மருத்துவரின் வேலை பாதி குறையும்.